உன் புத்தகத்தின் ஆறாம் கட்டுரை

உன் புத்தகம் வந்து இன்றோடு பத்தொன்பது நாள் ஆகிறது. களத்தில் கடலைக்காய் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது தபால்காரர் வந்து ஒரு பொட்டலத்தை நீட்டினார். உன் தம்பி புத்தகத்தை உன்னுடைய பழைய வெள்ளைச் சேலையின் ஒரு துண்டில் சுற்றி, அதற்கு மேல் காகிதம் ஒட்டி அனுப்பியிருந்தான். பிரித்தவுடன் எனக்கு முதலில் வந்தது அச்சு மையின் வாசனை இல்லை. உன் கையின் வாசனை. அந்த லைசால் மருந்து. என் மாமியார் "ஆஸ்பத்திரி நாத்தம்" என்று மூக்கைச் சுளிப்பாரே, அதே வாசனை. நீ கண்மூடி ஏழு மாதம் ஆகியும் அது அந்தத் துணியை விட்டுப் போகவில்லை. களத்து மேட்டிலேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் அதை முகத்தில் வைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது.

முதல் ஐந்து கட்டுரைகளையும் இரண்டு நாளில் படித்தேன். ராசிபுரம் பெண்கள் பள்ளிக்கூடத்தைப் பற்றி நீ எழுதியிருந்ததைப் படித்து அடுப்படியில் தனியாகச் சிரித்தேன். உங்கள் அப்பா நெய்த துணியில் நம் இருவருக்கும் ஒரே நிறத்தில் பாவாடை தைத்துக் கொடுத்ததையும், வாத்தியாரம்மா நம்மை அடையாளம் தெரியாமல் உனக்கு விழ வேண்டிய அடியை எனக்குக் கொடுத்ததையும் எழுதியிருந்தாய். பதினாலு வயதில் உன் தாலியை அறுத்த நாளைப் பற்றி இரண்டே பக்கம்தான். அழுகை ஒரு வரி கூட இல்லை. "எனக்கு அன்று பசித்தது. யாரும் சோறு போடவில்லை. அதுதான் நினைவிருக்கிறது" என்று முடித்துவிட்டாய். மதராசில் மருத்துவச்சி வேலை படித்தது, முதல் பிரசவம் பார்த்தது, தலை மழிக்காத விதவை தொட்டுப் பிள்ளை பிறக்கக் கூடாது என்று ஒரு வீட்டில் கதவைச் சாத்தியது, பிறகு அந்த வீட்டுக்காரரே நடுச்சாலையில் வண்டியை மறித்துக் கும்பிட்டது. எல்லாம் உன் குரலிலேயே இருந்தன. பக்கத்தில் உட்கார்ந்து நீ சொல்லச் சொல்லக் கேட்பதுபோல் இருந்தது.

சேலம் ஆஸ்பத்திரியில் உன்னைக் கடைசியாகப் பார்த்தபோது மஞ்சள் காமாலையில் உன் கண் மஞ்சள் பூத்திருந்தது. பேசவே முடியாத நிலையில் என் விரலைப் பிடித்துக்கொண்டு, "புஸ்தகம் வரும் புள்ள. முழுசாப் படி. நடுவுல நிறுத்திராதே" என்றாய். எழுதியவர்களுக்கு உள்ள ஆசை என்று நினைத்து, "உன் புஸ்தகத்தை நான் படிக்காம வேற யாரு படிப்பா?" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆறாம் கட்டுரைக்கு 'மூன்றாவது நாள்' என்று தலைப்பு வைத்திருக்கிறாய்.

திருச்செங்கோட்டுப் பக்கத்தில் ஒரு பண்ணையக்காரர் வீடு என்று தொடங்குகிறாய். மூன்று நாளாக வலி. வெளியே விடாத மழை. முன்னே இரண்டும் பெண். இங்கே எத்தனையோ வீடுகளில் இப்படித்தான் என்று நானும் படித்துக்கொண்டே போனேன். பிறகு இந்த வரி வந்தது: "வலி தாங்காமல் அவள் பல்லைக் கடித்தபோது, சுவரோரம் இருந்த அடுக்குப் பானைகளை எண்ணச் சொன்னேன். பதினொன்று இருந்தன. திரும்பத் திரும்பப் பதினொன்று, பதினொன்று என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்."

புத்தகத்தை மூடிவிட்டேன். எழுந்துபோய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினேன். திரும்பி வந்து பிரித்தேன். அதே வரிதான் இருந்தது.

அது நான். என் மூன்றாவது பிரசவம். பதினாறு வருடம் ஆகிறது.

எனக்கு அன்று சொல்லப்பட்டது என்னவென்று உனக்குத் தெரியும். மத்தியானம் பிள்ளை பிறந்ததும் எனக்கு மயக்கம் வந்துவிட்டது. கண் திறந்தபோது அத்தை, என் மாமியார்தான், தலைமாட்டில் நின்று, "பொட்டை. மூச்சே இல்லாமத்தான் பொறந்துச்சு. உடு, தண்ணியக் குடி" என்றார். நீ என் கால்மாட்டில் இருந்தாய். என்னைப் பார்த்தாய். ஒன்றும் சொல்லவில்லை. நீ சொல்லாததையே நான் உண்மை என்று எடுத்துக்கொண்டேன். மாமியார் பொய் சொல்லுவார், ஊர் பொய் சொல்லும், நீ சொல்லமாட்டாய் என்றுதான் இத்தனை வருடமும் நம்பியிருந்தேன்.

நீ எழுதியிருப்பது வேறு.

பிள்ளை பிறப்பதற்கு முன்பே அத்தை உன்னைப் புழக்கடைக்குக் கூப்பிட்டு ஒரு கொட்டாங்கச்சியைக் காட்டியிருக்கிறார். அதில் எருக்கம்பால். "மறுபடியும் பொட்டையா இருந்தா இது. நீங்க கண்டுக்காதீங்க" என்றாராம். பிள்ளை நீலம் பாய்ந்து, அழாமல் பிறந்தது. நீ விரலை விட்டு வாயைத் துடைத்ததும் நெஞ்சு லேசாக ஏறி இறங்கியது. அத்தை எட்டிப் பார்த்து, "என்னுங்க?" என்று கேட்டபோது, "பொட்டைங்க. உசிரு இல்லீங்க" என்று சொல்லிவிட்டாய். உன் வாழ்க்கையில் நோயாளி வீட்டில் சொன்ன முதல் பொய் அது என்று எழுதியிருக்கிறாய். "அப்ப நீங்களே போற வழியில குழியில வெச்சிருங்க" என்றார் அத்தை. துணியில் சுற்றிக்கொண்டு வாசலுக்கு வந்திருக்கிறாய்.

வாசலில் பிள்ளையின் தகப்பன் நின்றாராம். துணியைப் பார்த்து, "முடிஞ்சுதுங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டாராம். அவ்வளவுதான். நீ தலையாட்டிவிட்டு, உன்னைக் கூட்டிவந்த வண்டிக்காரப் பெரியவர் மடியில் பிள்ளையை வைத்து, அவர் துண்டால் மூடி, மழை படாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு உள்ளே வந்திருக்கிறாய்.

இதற்கு மேல் நீ எழுதியதை எனக்கு மனப்பாடமாகவே சொல்ல வரும். "தாய் கண் விழித்ததும், மாமியார் நகரும் நேரம் பார்த்து, அவள் காதில் உண்மையைச் சொல்வதென்று இருந்தேன். பிள்ளை உயிரோடு இருக்கிறது, பயப்படாதே என்று ஒரு வாக்கியம். ஆனால் பிள்ளை செத்துவிட்டது என்று மாமியார் சொன்னபோது அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்து போனது. நான் அதைப் பார்த்தேன். அவள் என் தோழி. வேண்டாத இடத்துக்கு ஒரு பெண்ணைத் திரும்பக் கொண்டுவரக் கூடாது என்று முடிவு செய்தேன்."

கடைசியில், பிள்ளை சேலத்தில் ஒரு நெசவாளர் வீட்டில் வளர்கிறது, வருடம் தவறாமல் போய்ப் பார்க்கிறேன், என் தோழிக்குத் தெரியாது, நான் இல்லாதபோது தெரியட்டும் என்று எழுதி முடித்திருக்கிறாய்.

அன்று சாயங்காலம் நான் சோறு ஆக்கவில்லை. இந்த வீட்டுக்கு வந்த நாள் முதல் அடுப்பு மூட்டாத முதல் நாள் அது. அவர் காட்டிலிருந்து வந்து கைகால் கழுவிவிட்டு, "ஏன், மேலுக்குச் சொகமில்லையா?" என்று கேட்டார். நான் புத்தகத்தைக் கையில் வைத்திருந்தேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. நான் படித்துக் காட்டவும் இல்லை.

"மூணாவதைப் பெத்தன்னிக்கு, வாசல்ல நின்னு நர்சுகிட்ட என்ன கேட்டீங்க?"

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"என்ன கேட்டீங்கன்னு கேக்கறேன்."

"அம்மா சொன்னாங்க..." என்றார்.

"கொட்டாங்கச்சியில என்ன இருந்துச்சுன்னு தெரியுமா உங்களுக்கு?"

அத்தை போய் நாலு வருடம் ஆகிறது. அவரிடம் இனிக் கேட்க முடியாது. இவரிடம்தான் கேட்க முடியும். கேட்டேன். இருபத்தைந்து வருடம் ஒன்றாகக் குடித்தனம் செய்தவர், நல்ல மனுசர் என்று ஊரெல்லாம் பேர் வாங்கியவர், என்னை ஒரு நாள் கை நீட்டி அடிக்காதவர். மெதுவாக வாசல் திண்டில் உட்கார்ந்தார்.

"உசிரோட இருக்குது" என்றேன்.

அவர் தலையைத் தூக்கிய வேகத்தை நான் மறக்கமாட்டேன். வாய் திறந்தபடியே இருந்தது. "எங்கே?" என்றார்.

"சொல்லமாட்டேன்."

சேலத்தில் எந்த வீடு என்று எனக்கும் தெரியாது என்பதை நான் அவருக்குச் சொல்லவில்லை. அவர் எழுந்து காட்டுப்பக்கம் போய்விட்டார். வெளிச்சம் இருக்கும்வரை வரப்பில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். கூப்பிடப் போகவில்லை.

அவர்மேல் வந்த கோபம் சுலபமாக இருந்தது. உன்மேல் வந்ததுதான் என்னைத் தின்றது. அதற்குப்பிறகு எத்தனை மாரியம்மன் நோம்பிக்கு இந்த வீட்டுக்கு வந்திருப்பாய்! அத்தை கையால் பச்சைமாவு வாங்கித் தின்றாய். இரண்டு வருடம் கழித்து மகன் பிறந்தபோது நீதான் கையில் ஏந்தினாய். அத்தை உன் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க கை ராசிங்க" என்று சொன்னபோது சிரித்தாய். அந்தச் சிரிப்பை நான் இப்போது வெவ்வேறு விதமாக நினைத்துப் பார்க்கிறேன். என் மகள்கள் இருவரையும் மடியில் வைத்துத் தலை பின்னிவிட்டாயே, அப்போதெல்லாம் மூன்றாவது தலையை நினைத்துக்கொண்டுதானே பின்னியிருப்பாய்?

ஒரு முறை நீ சொல்ல வந்தாய். அது எனக்கு இப்போதுதான் புரிகிறது. யுத்த காலத்தில், அரிசிக்குச் சீட்டு வைத்திருந்த வருடம், வாய்க்காலில் காலை விட்டுக்கொண்டு இருவரும் உட்கார்ந்திருந்தோம். நீ திடீரென்று, "அந்த மூணாவது பொறப்பை நெனைப்பியா புள்ள?" என்றாய். நான், "அதை எதுக்கு இப்போ எடுக்கறே? போனது போச்சு" என்று வெடுக்கென்று சொன்னேன். நீ தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு வேறு என்னமோ பேசினாய். நான் உன் வாயை அடைத்தது என் வலியால் புள்ள. அதையும் நீ நிம்மதி என்றுதான் கணக்கு வைத்தாயோ என்னவோ.

அந்த நிம்மதியைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். அதற்குத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நீ பார்த்தது பொய் இல்லை. வந்தது. ஆனால் எதற்கு வந்தது என்று நீ கேட்கவில்லை. கொட்டாங்கச்சி எனக்குத் தெரியாது என்றா நினைத்தாய்? அத்தை எருக்கஞ்செடிப் பக்கம் போனதை வலிக்கு நடுவிலேயே சன்னல் வழியாகப் பார்த்தேன். பெண்ணாகப் பிறந்தால் என் கண் முன்னாலேயே நடக்கும், நான் எழுந்து தடுக்க எனக்குத் தெம்பு இருக்காது என்று மூன்று நாளும் அதையே நினைத்துக் கிடந்தேன். தானாகவே போய்விட்டது என்று சொன்னதும், யாரும் அதைக் கொல்லவில்லை, அது வாயில் யாரும் எதையும் ஊற்றவில்லை என்றுதான் முதலில் தோன்றியது. அதுதான் நீ பார்த்த நிம்மதி.

அது மட்டும்தானா என்று இத்தனை நாளாக என்னையே கேட்டுக்கொண்டேன். உன்னிடம் மறைத்து ஆவதென்ன? அது மட்டும் இல்லை. மூன்றாவதும் பெண் பெற்றவள் என்ற பேச்சை இனிக் கேட்க வேண்டியதில்லை என்பதும் அதில் ஒரு ஓரமாக இருந்தது. இருந்தது புள்ள. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது.

ஆனால் நீ முகத்தைப் பார்த்துவிட்டு வண்டி ஏறிப் போய்விட்டாய். மூன்றாம் நாள் எனக்குப் பால் கட்டியது. நெருப்பாகக் கொதித்தது. அத்தை மல்லிகைப் பூவை வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டினார். பூவெல்லாம் நனைந்து கீழே விழுந்தது. ஒரு மாதம் அடங்கவில்லை. பக்கத்துக் காட்டில் ஆட்டுக்குட்டி கத்தினால்கூடச் சேலை நனைந்துவிடும். அப்போது நீ வரவில்லை. அந்த மாதம் நீ ஒரே ஒரு முறை வந்திருந்தால் எல்லாவற்றையும் பார்த்திருப்பாய். ஏன் வராமல் போனாய் என்று இப்போது தெரிகிறது. கையில் என் பிள்ளையை வைத்துக்கொண்டு, பால் தேடி அலைந்துகொண்டிருந்தாய்.

ஆறாவதைப் படித்த ஐந்தாம் நாள், கரியில் ஓடும் பஸ் ஏறி ராசிபுரம் போனேன். உன் தம்பி தறிக்குழியிலிருந்து எழுந்து வந்து, "வாங்கக்கா" என்றான். 

"ஆறாவதுல எழுதியிருக்கற அந்தக் கொழந்தை எங்கே?"

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்கக்கா. எங்கக்கா எழுதி வெச்சதை ஒரு எழுத்து மாத்தாம அச்சுக்குக் குடுத்தேன்" என்றான். பிறகு, "ஆனா தீவாளிக்குத் தீவாளி பாவாடைத் துணி ஒண்ணு தனியா எடுத்துக்குவா. அம்மாபேட்டையில ஒரு ஊட்டுக்குன்னு சொல்லுவா. ஒருதரம் நான்தான் கொண்டுபோய்க் குடுத்தேன்" என்றான். அவனுக்கு அதற்குள் புரிந்துவிட்டது. சட்டையை மாட்டிக்கொண்டு என்னோடு கிளம்பினான்.

அம்மாபேட்டையில் அந்தத் தெரு முழுக்கத் தறிச் சத்தம். ஒரு வீட்டின் முன்னால் உன் தம்பி நின்றான். உள்ளே ஒரு பெண் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். ஒற்றைப் பின்னல். வீட்டம்மா, பழனியம்மாள் என்று பேர், பாவு நூலுக்குக் கஞ்சி போட்ட கையோடு வந்தார். "நர்சக்காளோட சிநேகிதிங்க. கூடப் படிச்சவங்க" என்றான் உன் தம்பி.

பழனியம்மாள் என்னைப் பார்த்தார். திரும்பி அந்தப் பெண்ணைப் பார்த்தார். மறுபடியும் என்னைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்துப்போனதை நான் கண்ணால் கண்டேன்.

"சரோசா, நீ போயி மாமா ஊட்டுல கொஞ்சம் மோர் வாங்கிட்டு வா சாமி" என்றார். அந்தப் பெண் எழுந்து எங்களைத் தாண்டிப் போனாள். என் சின்ன வயது மூக்கு, என் பெரிய மகளின் நடை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

அவள் தெருவில் இறங்கியதும் பழனியம்மாள் கேட்டார்: "பெத்தவங்களா?"

"ஆமாங்க."

"கூட்டிட்டுப் போக வந்தீங்களா?"

"இல்லீங்க. உசிரோட இருக்கறதே எனக்கு அஞ்சு நாளாத்தான் தெரியுமுங்க. ஒருதரம் பாக்கோணும்னு வந்தேன்."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "பொறந்து ஒரு மாசம் ஆனப்ப கொண்டாந்து குடுத்தாங்க நர்சம்மா. ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாங்க. பெத்தவ ஒரு நாளைக்கு வருவா, வந்தா வாசல்ல நிக்க வெக்காதீங்க, உள்ள கூப்பிடுங்கன்னு. பதினாறு வருசமா வண்டிச் சத்தம் கேட்டாலே வாசலுக்கு ஓடிவந்து பாப்பேன். இன்னிக்கு நீங்க நடந்து வந்துட்டீங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, என் கையைப் பிடித்து, "உள்ள வாங்க" என்றார்.

ஒரு நாள் நான் வருவேன் என்று அன்றைக்கே உனக்குத் தெரிந்திருக்கிறது. என்னை முழுக்கத் தப்பாகவும் நீ எடைபோடவில்லை. இதை நினைக்கும்போது கோபம் பாதியில் நிற்கிறது. அப்புறம் மறுபடியும் வருகிறது.

சரோஜா மோரோடு வந்தாள். "நர்சு அத்தைக்கு வேண்டியவங்களா?" என்று கேட்டாள்.

"ஆமா கண்ணு. ரெண்டு பேரும் ஒண்ணாப் படிச்சோம்."

"சின்ன வயசுல அத்தை எப்படி இருப்பாங்க?"

சொன்னேன். நீ மரம் ஏறி விழுந்ததைச் சொன்னேன். பள்ளிக்கூடத்து மணியை நேரத்துக்கு முன்னாலேயே அடித்துவிட்டு ஓடியதைச் சொன்னேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவளுக்கு எதுவும் தெரியாது. உன் தம்பி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மோரை மெதுவாகக் குடித்தேன். தீர்ந்துவிட்டால் எழ வேண்டுமே என்று.

கிளம்பும்போது பழனியம்மாள் தெருமுனை வரை வந்தார். "தை மாசம் கலியாணம். மாப்பிள்ளை ஆத்தூருங்க, அரிசி மில்லுல வேலை. நீங்க வரோணும்" என்றார்.

"என்னன்னு சொல்லிட்டு வருவேனுங்க?"

"நர்சம்மாவுக்குச் சொந்தம்னு சொல்றேன். அவங்க இருந்திருந்தா முன்னால நின்னிருப்பாங்க. அந்த எடத்துல நில்லுங்க" என்றார்.

ஊருக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னேன். அவர், "நானும் வரலாமா?" என்று கேட்டார். அதற்கு இன்னும் நான் பதில் சொல்லவில்லை.

நான் போகப் போகிறேன். என் மகளின் கல்யாணத்துக்கு உன் சொந்தக்காரியாகப் போய், நீ நிற்க வேண்டிய இடத்தில் நின்று, அட்சதை போட்டுவிட்டு வரப்போகிறேன். அவளை உயிரோடு வண்டியில் ஏற்றியவள் நீ. பதினாறு வருடம் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டவளும் நீ. உன்னைக் கும்பிடுவதா, உன்னோடு சண்டை போடுவதா என்று எனக்குத் தெரியவில்லை. நீ உயிரோடு இருந்திருந்தால் இரண்டையும் ஒரே மூச்சில் செய்திருப்பேன், நீயும் வாங்கிக்கொண்டிருப்பாய். இப்போது இரண்டையும் நானேதான் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மீதிக் கட்டுரைகளை இனிமேல்தான் படிக்க வேண்டும். நடுவில் நிறுத்தமாட்டேன்.